வறட்சி தாங்கும் மக்காச்சோள விதையும் கொள்முதல் ஒப்பந்தமும்: இரண்டு பருவ அனுபவம்

விதையைக் கடனாகக் கொடுத்து, விளைந்ததைத் தாங்களே வாங்கிக்கொண்டு கடனைக் கழித்துக்கொள்ளும் ஒரு சேவையில் இரண்டு பருவங்களாக உறுப்பினராக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே முறையில் இயங்குபவை பல இருக்கின்றன, என் பாராட்டும் குறையும் அந்த முறையைப் பற்றியவையே. என்னுடையது இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், கிணறு கிடையாது.

முதலில் விதை. ஏக்கருக்கு ஏறத்தாழ 8 கிலோ தேவைப்படும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை இவர்கள் 2 கிலோ பொட்டலங்களாகவும் தருகிறார்கள். இது சின்ன விஷயம்போலத் தோன்றலாம். ஆனால் பெயர் தெரியாத ஒரு ரகத்தை நம்பி முழு நிலத்தையும் பணயம் வைக்கத் துணியாத என்னைப் போன்றவனுக்குக் கால் ஏக்கரில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தது அந்தச் சிறிய பொட்டலந்தான். முதல் பருவத்தில் ஒரு கால் ஏக்கரில் இதையும், பக்கத்துப் பாத்தியில் நான் வழக்கமாகப் போடும் ரகத்தையும் ஒரே நாளில் விதைத்தேன்.

பூக்கும் நேரத்தில் 18 நாள் மழை இல்லை. மக்காச்சோளத்துக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. நீர்ப்பற்றாக்குறையில் உச்சியிலுள்ள ஆண்பூ வழக்கம்போல மகரந்தத்தை உதிர்த்துவிடும். கதிரின் பட்டு இழைகளோ நாட்கணக்கில் தாமதமாக வெளிவரும். அதற்குள் மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும். வறட்சி தாங்கும் ரகங்களை உருவாக்கும் ஆய்வாளர்கள், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் குறைவாக உள்ள செடிகளைத் தேடித் தேடித் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். என் வயலில் வித்தியாசம் தோலை உரித்ததும் தெரிந்தது. பழைய ரகத்தின் கதிர்கள் இடையிடையே பொக்கையாக இருந்தன. புதியதில் நுனியில் இரண்டு விரல் அகலம் மட்டுமே மணி பிடிக்கவில்லை.

இருந்தாலும் ‘தாங்கும்’ என்ற சொல்லை அதன் அளவுக்கு மேல் நம்பக் கூடாது. முளைத்த பத்தாம் நாள் மண் காய்ந்தால் இந்த நாற்றும் கருகத்தான் செய்யும். 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்ட படைப்புழுவுக்கு இது விதிவிலக்கும் அல்ல. வீரிய ஒட்டாதலால் அறுவடையிலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை செடிகள் உயரத்திலும் விளைச்சலிலும் ஒன்றுபோல வராது; ஆண்டுதோறும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். 2007இல் தொடங்கி ஆப்பிரிக்காவின் 13 நாடுகளில் நடந்த வறட்சி தாங்கும் மக்காச்சோளத் திட்டம், ஒட்டு ரகங்களோடு விதை சேமிக்கக்கூடிய திறந்த மகரந்தச் சேர்க்கை ரகங்களையும் வெளியிட்டது. இந்தச் சேவையின் பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லாதது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டாம் பருவத்தில் விதையிலேயே சிக்கல் வந்தது. பொட்டலத்தின் அட்டையில் முளைப்புத்திறன் 90 விழுக்காடு என்றிருந்தது. ஈரச் சாக்கில் 100 விதைகளைச் சுருட்டி வைத்துப் பார்த்தபோது 81தான் முளைத்தன. புகார் செய்ததும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மாற்று விதை என் கைக்கு வந்தபோது முதல் மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மண்ணின் ஈரத்தை நம்பி விதைப்பவனுக்கு, ரகம் மிச்சப்படுத்திக் கொடுப்பதை அந்த ஒன்பது நாள் பறித்துக்கொண்டு போய்விடும்.

இனி கொள்முதல். களத்துக்கே வண்டி வருகிறது, இடைத்தரகர் இல்லை, நாலு நாளில் பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்த மூன்றும் உண்மையான வசதிகள். குறை ஈரப்பதக் கழிவில் இருக்கிறது. ஒப்பந்தப்படி 14 விழுக்காடு ஈரம் வரை கழிவு இல்லை. என் மூட்டைகளைக் கிடங்கில் அளந்து 16 என்று எழுதி, நூறு கிலோவுக்கு 5 கிலோ கழித்தார்கள். 16இலிருந்து 14க்கு உலர்த்தினால் நூறு கிலோ தானியம் ஏறக்குறைய 97.7 கிலோ ஆகும். அதாவது எடையில் குறைவது 2.3 கிலோதான். மீதி 2.7 கிலோ எந்தக் கணக்கில் போனது என்று கேட்டேன். உலர்த்தும் செலவு என்றார்கள். அந்தச் செலவு ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படவில்லை. களத்தில் நான் அளந்தபோது பக்கத்து வயல்காரரின் மானி 14.5 காட்டியது என்பது வேறு கதை. மானிகள் அப்படித்தான் ஒன்றுக்கொன்று முரண்படும், ஆகவே அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

பூஞ்சை நச்சுப் பரிசோதனையைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. வறட்சியில் வாடிய கதிர்களில்தான் அஃப்ளாடாக்சினை உண்டாக்கும் பூஞ்சை எளிதாக ஏறும். வறட்சிக்கென்றே விதை விற்பவர்கள் அறுவடைக்குப் பிறகு உலர்த்துவதற்கு ஒரு தார்ப்பாயாவது அந்தக் கடன் தொகுப்பில் சேர்த்திருக்க வேண்டாமா? மண் தரையில் காயவைத்த தானியத்தை ‘தரம் குறைவு’ என்று ஒதுக்குவதற்கு மட்டும் படிவம் தயாராக வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் பருவத்துக்கும் விதையை இவர்களிடமே எடுக்கப்போகிறேன். ஆனால் இரண்டு மாதம் முன்னதாக வாங்கி, முளைப்பைச் சோதித்த பிறகே கையொப்பமிடுவேன். களத்திலேயே இருதரப்பும் பார்க்க ஈரம் அளக்க வேண்டும், கழிவுக் கணக்கை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளைக் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன். முதலாவதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை.