மன்னார்குடி பயிற்சி வகுப்பு: ஒரு அங்கன்வாடி டீச்சரின் கருத்து

குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்பவர்கள் தங்கள் விழுமியங்களை அலசிப் பார்ப்பதற்கான வகுப்பு இது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நடவுக்குப் போகிற அம்மா, தலைகூட வாராமல் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினால் மனதில் முதலில் என்ன தோன்றும் என்று எழுதச் சொன்னார்கள். "பொறுப்பில்லாதவள்" என்று பலர் எழுதினார்கள். பயிற்சியாளர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அது நாம் வளர்ந்த வீட்டின் பார்வை. வேலையில் கேட்க வேண்டியது பிள்ளை சாப்பிட்டதா, எடை ஏறுகிறதா, அந்த அம்மாவுக்கு என்ன உதவி வேண்டும் என்பதுதான் என்றார். பெற்றோர் நம்பிச் சொல்லும் வீட்டுச் சங்கதி டீக்கடை வரை போகக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். சின்ன ஊரில் இது ரொம்ப முக்கியம்.

மதியம் சட்டத்தை அவசரமாக முடித்துவிட்டார்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் ரகசியம் காக்கக் கூடாது, 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். இதற்கே இன்னும் ஒரு மணி நேரம் தேவை.

அப்புறம், அடுத்த வகுப்புக்கு அங்கன்வாடி உதவியாளர்களையும் கூப்பிடுங்கள். பிள்ளைக்கு ஊட்டி, தூங்க வைப்பவர்கள் அவர்கள்தான்.