எண்ணெய் இருப்புக்கான சார்பற்ற மதிப்பீட்டு அறிக்கை: பங்குதாரருக்கு எந்த அளவுக்கு உதவுகிறது?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் பணம் போட்டிருக்கும் நம்மவர்கள், ஆண்டறிக்கை வந்ததும் இலாபநட்டக் கணக்கையும் ஈவுத்தொகையையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் இத்தகைய நிறுவனத்தின் உண்மையான சொத்து நிலத்தடியில் இருக்கிறது. அதை அளந்து சொல்ல வெளியிலிருந்து அமர்த்தப்படும் வல்லுநர்கள் எழுதும் அறிக்கை, கட்டணம் கொடுத்துப் பெறப்படும் ஒரு சேவை. அந்தச் சேவை பங்குதாரருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

இதன் தேவையை 2004ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஷெல் நிறுவனம் உலகுக்கு உணர்த்தியது. நிரூபிக்கப்பட்டவை, அதாவது எடுக்க முடியும் என்பது ஏறத்தாழ உறுதியானவை, என்று கணக்கில் காட்டியிருந்த இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 3.9 பில்லியன் பீப்பாய்களை, அந்தப் பிரிவிலிருந்து நீக்குவதாக அது அறிவித்தது. தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 120 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. உலகம் முழுவதும் பரவியிருந்த அந்த நிறுவனத்தின் இருப்புக் கணக்கைத் தணிக்கை செய்யும் உள் பொறுப்பு, அங்கேயே பணியாற்றி ஓய்வுபெற்ற, பகுதிநேரமாக வேலை பார்த்த ஒரே ஒரு பொறியாளரிடம் இருந்தது என்பதே எனக்கு மிகவும் கவலை தந்த செய்தி. வெளியாரின் மதிப்பீட்டைக் கனடா 2003லேயே பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்கா இன்றும் கட்டாயமாக்கவில்லை. சிங்கப்பூரில், முதன்முறை பட்டியலிடப்படும்போது சார்பற்ற வல்லுநரின் அறிக்கை தேவை. அவருக்குத் தொடர்புள்ள துறையில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். அவருடைய கட்டணம் அறிக்கையின் முடிவைப் பொறுத்து அமையக் கூடாது. இவை நல்ல விதிகள்.

அறிக்கையின் வலிமை அதன் வழிமுறையில் இருக்கிறது. எண்ணெய் தாங்கிய பாறையின் பரப்பு, கனம், நுண்துளை அளவு, அதில் நீர் பிடித்திருக்கும் பங்கு ஆகியவற்றைக் கொண்டு மொத்த எண்ணெயைக் கணக்கிட்டு, அதில் எத்தனை சதவீதத்தை வெளியே எடுக்க முடியும் என்பதைத் தனியாக மதிப்பிடுகிறார்கள். பழைய கிணறுகளாக இருந்தால் உற்பத்தி குறைந்துவரும் போக்கைக் கொண்டு அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். முடிவு மூன்று நிலைகளில் தரப்படுகிறது. நிகழ்தகவு முறையில் கணக்கிடும்போது, முதல் நிலையில் சொல்லப்பட்ட அளவோ அதற்கு மேலோ கிடைக்கக் குறைந்தது 90 சதவீத வாய்ப்பும், இரண்டாவதில் 50 சதவீதமும், மூன்றாவதில் 10 சதவீதமும் இருக்க வேண்டும். செய்தி அறிவிப்புகளில் மூன்றாவது எண்ணைத் தலைப்பில் போடும் நிறுவனத்தை நான் நம்புவதில்லை.

குறை எங்கே என்றால், வல்லுநர் பயன்படுத்தும், நிலத்தடிக்குள் அதிர்வலைகளைச் செலுத்திப் பெறப்படும் நில அதிர்வுத் தரவுகளும் கிணற்றுப் பதிவுகளும் உரிமை ஆவணங்களும் பெரும்பாலும் நிறுவனமே கொடுத்தவை. அவற்றைத் தாம் தனியே சரிபார்க்கவில்லை என்று அறிக்கையின் பின்பக்கங்களில் ஒரு வரி இருக்கும். வாசகர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். முழு மதிப்பீடு, தணிக்கை என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். முன்னதில் வல்லுநரே கணக்கிடுகிறார். பின்னதில் நிறுவனத்தின் கணக்கு மொத்தத்தில் நியாயமானதா என்று மட்டும் பார்க்கிறார். பொதுவாக 10 சதவீதம் வரையிலான வித்தியாசம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஓர் எண்ணெய் வயலில் மிகையாகவும் மற்றொன்றில் குறைவாகவும் காட்டப்பட்டிருந்தால், அவை ஒன்றையொன்று ஈடுசெய்து மொத்தத்தில் மறைந்துபோகக்கூடும்.

என்னுடைய முக்கியமான மனக்குறை ஆண்டறிக்கையில் வரும் சுருக்க அட்டவணையைப் பற்றியது. உரிமப் பகுதியின் மொத்த இருப்பு, நிறுவனத்துக்குச் சேரும் நிகர இருப்பு, முந்தைய அறிக்கையிலிருந்து ஏற்பட்ட சதவீத மாற்றம் ஆகியவை அதில் இருக்கின்றன. அந்த ஒற்றைச் சதவீதம் போதவே போதாது. 20 மில்லியன் பீப்பாய் வைத்திருந்த ஒரு நிறுவனம் ஓராண்டில் 2 மில்லியனை எடுத்து விற்ற பிறகும் மாற்றம் பூஜ்யம் என்று காட்டினால், அந்த 2 மில்லியன் எங்கிருந்து வந்தது? புதிதாகக் கிணறு தோண்டிக் கண்டுபிடித்ததா, வேறொரு வயலை வாங்கியதால் சேர்ந்ததா, அல்லது பழைய வயலில் எடுக்கக்கூடிய விகிதத்தை ஓரிரு புள்ளிகள் உயர்த்தி எழுதியதால் பிறந்ததா? மூன்றும் பங்குதாரருக்கு ஒன்றல்ல. மூன்றாவது வகை ஆண்டுதோறும் தொடர்ந்தால் அது எச்சரிக்கை மணி. கனடா அறிக்கைகளில் இந்த மாற்றங்கள் காரணவாரியாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன. இங்கு குறிப்புப் பத்தியில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அதுவே பெரிது.

எண்ணெய் விலையின் விளைவை, இந்தோனேசியாவில் இயங்கும் வயல்களைப் பொறுத்தவரை, தனியே பார்க்க வேண்டும். எடுக்கும் எண்ணெயை அரசுடன் பங்கிட்டுக்கொள்ளும் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தின்படி செலவை எண்ணெயாகவே திரும்பப் பெறும் நிறுவனத்துக்கு, எண்ணெய் விலை ஏறும்போது செலவை ஈடுகட்டக் குறைவான பீப்பாய்களே போதும் என்பதால், நிகர இருப்பு குறையக்கூடும். அதைக் கண்டு பயந்து பங்குகளை விற்க வேண்டியதில்லை.

ஐந்து நட்சத்திரங்களில், பட்டியலிடும்போது வரும் முழு அறிக்கைக்கு நான்கும், ஆண்டுச் சுருக்கத்துக்கு இரண்டும் தருகிறேன். மத்திய சேமநிதிப் பணத்தை இத்தகைய பங்குகளில் போட்டிருப்பவர்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, இருப்பு மாற்றத்தை உற்பத்தி, கண்டுபிடிப்பு, கொள்முதல், மறுமதிப்பீடு என்று பிரித்துத் தருமாறு இயக்குநர்களிடம் கேளுங்கள்.