டெனியாவா, அல்பராசினா?
ஸ்பெயினில் இருந்த முஸ்லிம் பேரரசான கோர்தோபா கலிபகம் உடைந்தபோது முளைத்த குட்டி அரசுகளில் எனக்குப் பிடித்தது டெனியாதான். அதை ஆண்ட, அடிமையாக இருந்து மேலே வந்த முஜாஹித், பலேரிக் தீவுகளையும் கையில் வைத்துக்கொண்டு, 1015-ல் கப்பல்களோடு சார்தீனியா வரைக்கும் போனார்; அடுத்த வருடமே இத்தாலிய நகரங்களான பீசாவும் ஜெனோவாவும் சேர்ந்து விரட்டியதில் மகன் அலியே சிறைப்பட்டார். இத்தனைக்கும் முஜாஹித் குர்ஆன் ஓதும் முறைகளில் தேர்ந்த அறிஞர், அந்தத் துறையின் பெரும்புள்ளி அல்-தானி கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் டெனியாவில்தான்.

அல்பராசின்? அதுவும் அப்படி முளைத்த குட்டி அரசுதான்; மலைக்குள் பதுங்கிய ஊர், வட ஆப்பிரிக்க பெர்பர் வம்சமான பனூ ரசீன் ஆட்சி. கடலும் இல்லை, பெரிய சாகசமும் இல்லை, காஸ்டீலிய வீரன் எல் சித்துக்குக் கப்பம் கட்டியெல்லாம் காலம் தள்ளினார்கள். கேட்கவே சப்பென்று இருக்கிறது, இல்லையா? ஆனால் டெனியாவை 1076-லேயே இன்னொரு குட்டி அரசான சரகோசா விழுங்கிவிட்டது, இவர்களோ 1104-ல் வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல்மொராவிதுகள் வரும்வரை தாக்குப்பிடித்தார்கள்.