உப்புக் காற்றில் காரைப் பேணுதல்: என் அலுமாரியில் சேர்ந்த பொருட்களின் மதிப்பீடு

காரைப் பேணுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் வீட்டில் முதலில் நிரம்பி வழிவது அலுமாரிதான். ஷாம்பு, வேக்ஸ், சீலன்ட், டயர் பொலிஷ், கண்ணாடித் திரவம், இருக்கை துடைக்கும் திரவம், விதவிதமான துணிகள் என்று என் அலுமாரியிலும் ஒரு காருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு சேர்ந்திருக்கிறது. எல்லாம் விருப்பத்தோடு தேடி வாங்கியவை. எல்லாவற்றையும் என்னுடைய கருநீல டொயோட்டாவில் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கே நான் மதிப்பிடுவது ஒரு தனிப் பொருளை அல்ல. திருகோணமலையில், கடற்காற்று நேரே வந்து படும் முற்றத்தில் நிற்கும் ஒரு காருக்கு இவற்றுள் எவை உழைக்கின்றன, எவை இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. அங்கே பனிக்காலத்தில் வீதியில் உப்பைத் தூவுகிறார்கள். நமக்கு அது ஆண்டு முழுவதும் காற்றிலேயே வருகிறது. உப்புவெளியிலோ உட்துறைமுக வீதியிலோ இரவு முழுவதும் வெளியில் நிறுத்திய காரின் முன்கண்ணாடியில் காலையில் விரலை வைத்து இழுத்தால், பிசுபிசுப்பான ஒரு படலம் விரலோடு வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தப் படலத்தின் மேல் தூசி ஒட்டுகிறது. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மழையில் அதே தூசி சேறாகிச் சில்லு வளைவுகளுக்குள் அடைகிறது. இந்த இரண்டு பருவங்களையும் தாங்குகிறதா என்பதே ஒரு பொருளுக்கு நான் வைக்கும் முதற்சோதனை.

பொருட்கள் இவ்வளவு சேர்வதற்கு நம் நாட்டில் ஒரு தனிக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருக்கும் காரையே இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தது. 2022 இல் கடைகளில் எது எப்போது இருக்கும், என்ன விலைக்கு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கொழும்புக்குப் போகிறவர் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நல்ல ஷாம்புவைக் கண்டால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்ததில் நியாயம் இருந்தது. தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அந்தப் பழக்கம் நீங்காததால்தான் அலுமாரிகள் இன்னும் நிறைகின்றன.

என் அலுமாரியில் கொடுத்த விலைக்கு முழுமையாக உழைக்கும் பொருள் எது என்று கேட்டால், தயங்காமல் ஷாம்பு என்பேன். அமிலமும் காரமும் ஓங்காத, பி.எச். அளவு 7 ஐ ஒட்டிய ஷாம்பு அழுக்கை எடுத்துவிட்டு வேக்ஸை விட்டுவைக்கும். பாத்திரம் கழுவும் திரவமோ எண்ணெய்ப் பசையைக் கரைப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பதால் வேக்ஸையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். நான் பயன்படுத்தியவற்றுள் மெகுவயர்ஸ் நிறுவனத்தின் கோல்ட் கிளாஸ் எனக்கு மிகவும் பிடித்தது. நன்றாக வழுக்குகிறது, கழுவிய பின் பிசுக்கு நிற்பதில்லை. ஒரு கலன் தண்ணீருக்கு ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 4 லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் போதும். 8 லீற்றர் வாளி ஒன்றை வைத்து வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் 473 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு மாதங்களுக்கு வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு போத்தல் பாவனையிலும் ஒரு போத்தல் கையிருப்பிலும் இருப்பதே தாராளம் என்று தெரியும். செரி மணம், எலுமிச்சை மணம் என்று அடுக்கி வைக்கும் மற்றவை வேலையில் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை.

எந்த ஷாம்புவாக இருந்தாலும் அதற்கு முன் தண்ணீர் போக வேண்டிய இடம் காரின் அடிப்பக்கம். எங்கள் தெருவில் முச்சக்கரவண்டி ஓட்டும் அண்ணர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருப்பவை ஒரு இறப்பர் குழாயும் ஒரு ஷாம்புவும் மட்டுமே. ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்து வந்ததும் சில்லு வளைவுகளையும் அடித்தகட்டையும் நல்ல தண்ணீரால் அடித்துவிட்டுத்தான் உள்ளே போவார். “தம்பி, கீழ்ப்பக்கத்தை முதல்ல அடியுங்கோ, உப்பு அங்கதான் குந்திக்கொண்டு இருக்கும்” என்று அவர் எனக்குச் சொன்னது சரியான பேச்சு. கதவுகளின் கீழ்விளிம்பில் நீர் வடிவதற்கென்று விடப்பட்டிருக்கும் சிறு துளைகளை வேப்பஞ்சருகும் மணலும் அடைத்துக்கொள்ளும். தேங்கிய உப்புநீர் கதவை உள்ளிருந்தே தின்னும். அந்தத் துளையை ஒரு ஈர்க்கால் குத்தி விடுவதற்கு நிகரான வேலையை எந்தப் போத்தலும் செய்வதில்லை.

தண்ணீரையும் இங்கே ஒரு பொருளாகவே கணக்கில் எடுக்க வேண்டும். கரையோரக் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வரும் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சில இடங்களில் சவர். வெயிலில் அது உலர்ந்தால் பொனட்டில் வெள்ளை வட்டங்கள் விழும். அவை கல்சியம் படிவுகள். இவற்றை நீக்குவதற்கென்று விற்கும் சிறு போத்தல்களின் விலை அதிகம். உள்ளே இருப்பது பெரும்பாலும் மென்மையான ஓர் அமிலம். சமபங்கு தண்ணீர் கலந்த வெள்ளை வினாகிரியில் துணியை நனைத்து ஒற்றி எடுத்து, உடனே நன்றாகக் கழுவிவிட்டால் புதிய கறைகள் போய்விடும். குழாய் நீர் கிடைப்பவர்கள் கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்துவது நல்லது.

அடுத்தது வண்ணத்தின் மேல் காப்புப் படலமாகப் பூசும் வேக்ஸ், சீலன்ட், செராமிக் ஆகிய மூன்றும். இந்த வரிசையில்தான் என் அலுமாரி மிகவும் கனக்கிறது. கார்னோபா என்பது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து கிடைக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்றான இது 82 முதல் 86 பாகை செல்சியஸ் வரையிலேயே உருகும். கருநீல நிறத்துக்கு அது தரும் ஆழமான மினுக்கத்தை வேறு எதுவும் தரவில்லை. விசேட நாட்களுக்கு முன் அதைப் பூசி, நிழலில் நின்று பார்ப்பதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி குறையப் போவதில்லை. ஆனாலும் உச்சி வெயிலில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும் பொனட்டில், உப்பும் வாராந்தக் கழுவலும் சேரும்போது அது நீண்ட நாள் நிற்பதில்லை. செயற்கைப் பொலிமர் சீலன்ட் அழகில் ஒரு படி குறைவு, உழைப்பில் ஒரு படி மேல். நம் ஊருக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் சீலன்டைத்தான் சொல்வேன். மழை தொடங்குவதற்கு முன் செப்டெம்பரில் ஒருமுறையும், மழை ஓய்ந்த பின் பெப்ரவரியில் ஒருமுறையும் பூசினால் வண்ணம் பாதுகாப்பாக இருக்கும்.

செராமிக் என்று எழுதி விற்கும் சிறு போத்தல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். போத்தலில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 9எச் என்பது பென்சில்களால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாதாரணக் கடல்மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7; புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு கிடைக்கும் சேர்க்கோன் அதைவிடக் கடினமானது. நிலாவெளிப் பக்கமிருந்து வரும் காரின் மேல் படிந்திருக்கும் மணலை உலர்ந்த துணியால் துடைத்தால், எந்த 9எச் பூச்சும் கீறலைத் தடுக்காது. இன்னொன்று, உண்மையான செராமிக் பூச்சு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகும் தன்மையுடையது. ஒருமுறை திறந்த போத்தலை மூடி வைத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து எடுத்தால், கழுத்தில் பளிங்குத் தூள் போல வெள்ளையாக உறைந்திருப்பதைக் காணலாம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே பூசும் நாளுக்கு முன்பாக அதை வாங்கி வைப்பதில் பொருளில்லை.

இரும்புத் துகள் நீக்கி எனப்படும் திரவம் எனக்கு மிகவும் பிடித்த பொருட்களில் ஒன்று. தெளிந்த நீர் போன்ற அதை ஈரமான சில்லில் விசிறிவிட்டுக் காத்திருந்தால், ஓரிரு நிமிடங்களில் பிரேக்கிலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்கள் ஒவ்வொன்றையும் சுற்றி ஊதா நிறம் கசியத் தொடங்கி, பின்னர் கோடுகோடாகத் தரையில் வடியும். தலைமுடியைச் சுருட்டும் மருந்தில் சேர்க்கும் தியோகிளைக்கொலேட் வகை உப்புத்தான் இதிலும் வேலை செய்கிறது. அதனால்தான் அந்தக் கடும் நெடி. வெள்ளைக் காரில் திடீரெனத் தோன்றும் செம்மஞ்சள் புள்ளிகளுக்கு இதுவே சரியான தீர்வு. சூடான உலோகத்தில் விசிறக் கூடாது. உலர விடவும் கூடாது. ஆண்டுக்கு இருமுறை போதும் என்பதால் அரை லீற்றர் போத்தல் ஒன்று நெடுநாள் வரும்.

வண்ணத்தில் ஒட்டிய துகள்களைத் தேய்த்து எடுக்கும் களிமண் கட்டியும் அப்படித்தான், எப்போதாவதுதான் தேவைப்படும். கழுவித் துடைத்த பொனட்டின் மேல், ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை நுழைத்துத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பைக்குள் இருக்கும் விரல்களுக்கு நறநறவென்று தெரிந்தால் களிமண் தேவை, தெரியாவிட்டால் தேவையில்லை. அது தரையில் விழுந்துவிட்டால் எவ்வளவு விலையானாலும் எறிந்துவிட வேண்டும்.

கீறல்களைத் தேய்த்து மறைக்கும் கட்டிங் கொம்பவுண்ட் வகைகளில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இன்றைய கார்களின் வண்ணத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரை தடிப்புள்ளது. ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கொம்பவுண்ட் அதைத் தேய்த்துக் குறைத்துத்தான் மினுக்கம் தருகிறது. குறைந்தது திரும்ப வளராது. அலுமாரி நிறைந்திருப்பதில் உள்ள மெய்யான ஆபத்தும் இதுவே. பணமும் இடமும் போவது சிறிய விடயம். கையில் மூன்று தரக் கொம்பவுண்டும் ஒரு மெசினும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறு கீறல் ஒன்றைக் கண்டதும் கை அங்கே போகும். இந்த ஊரின் காருக்குத் தேவைப்படுவது அடிக்கடி, மென்மையாக, தண்ணீரால் கழுவும் கவனிப்பு. நிறைந்த அலுமாரியோ எப்போதாவது, கடுமையாக, மருந்தால் செய்யும் வேலைக்குத் தூண்டுகிறது. மென்மையான பினிஷிங் பொலிஷ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கராஜ் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவதே முறை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயர் பொலிஷில் எண்ணெய் போல மினுங்கும் சிலிக்கோன் வகை மணலை இழுத்து ஒட்டவைக்கும், ஓடும்போது கதவிலும் தெறிக்கும். பால் போல வெண்மையாக இருக்கும் நீர் சார்ந்த வகை போதும். பூச்சி நீக்கி, இருக்கைத் திரவம், கதவோரத் திரவம் என்று தனித்தனியாக விற்பவற்றின் வேலையை ஓல் பேர்பஸ் கிளீனர் எனப்படும் பொதுத் துப்புரவுத் திரவம் ஒன்றைப் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்தே செய்துவிடலாம். கண்ணாடித் திரவத்தில் அமோனியா இருந்தால் டின்ட் ஒட்டிய கண்ணாடிக்கு ஆகாது. டாஷ்போர்டில் மினுங்கும் பொலிஷ் நம் வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். அது அழகுக் குறைபாடு மட்டும் அல்ல, ஓட்டுபவருக்கு இடைஞ்சல்.

துணிகளில் மட்டும் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். மைக்ரோஃபைபர் துணி எத்தனை இருந்தாலும் தகும், ஏனெனில் அழுக்கான துணியை மறுபடி வண்ணத்தில் வைக்காமல் இருப்பதற்கு அதுவே வழி. தண்ணீர் ஒற்றுவதற்குச் சதுர மீற்றருக்கு 600 கிராமுக்கு மேற்பட்ட தடித்த துணியும், வேக்ஸ் எடுப்பதற்கு 300 முதல் 400 கிராம் வரையான துணியும் நல்லவை. சில்லுத் துடைத்ததை வண்ணத்துக்கு எடுக்காதபடி நிறம் பிரித்து வைக்க வேண்டும். சலவையில் மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகள் அடைபட்டு, துணி தண்ணீரை இழுக்காமல் தள்ளிக்கொண்டு போகும்.

சேர்த்து வைத்திருப்பவர்கள் இப்போதே ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் இருக்கும் அலுமாரியில் பேஸ்ட் வேக்ஸ் வற்றி, டப்பாவின் ஓரத்திலிருந்து விலகி, வயற்சேறு போல வெடித்திருக்கும். விசிறும் சீலன்ட் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். குலுக்கியும் சேராவிட்டால் அதைக் காரில் விசிற வேண்டாம். சேர்ந்தால் பயன்படுத்தலாம். மிஞ்சியவற்றுள் நல்ல நிலையில் உள்ளதை 100 மில்லிலீற்றர் போத்தல்களில் பிரித்து, பெயரையும் கலக்கும் அளவையும் ஒட்டி, கார் வைத்திருக்கும் நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு சீலன்டை நால்வர் பகிர்ந்தால் நான்கு நிறக் கார்களில் அது எப்படி நிற்கிறது என்று பார்க்கவும் முடிகிறது.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு ஷாம்பு, ஒரு சீலன்ட், ஓர் ஓல் பேர்பஸ் கிளீனர், அரை லீற்றர் இரும்புத் துகள் நீக்கி, இரண்டு வாளிகள் (ஒன்று ஷாம்புவுக்கு, மற்றது துணியை அலசுவதற்கு), தாராளமாகத் துணிகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறிய போத்தலாகவே வாங்குங்கள். 4 லீற்றர் கேன் கணக்கில் மலிவாகத் தெரிந்தாலும், இங்கத்தைய வெக்கையில் அதன் கடைசி லீற்றர் காருக்குப் போய்ச் சேர்வது அரிது.