ஒரே மெயில் சர்வர், 40 டொமைன்: வரம்பை எதை எண்ணிப் போடுவது?

காட்பாடியில் ஒரு சர்வர். அதில் ஆம்பூர் ஷூ கம்பெனிகள், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதியாளர்கள், ஒரு கல்லூரி என 40 டொமைன் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மெயில்பாக்ஸின் பாஸ்வேர்டு திருடு போனால் போதும். ராத்திரி முழுக்க ஸ்பேம் போய், சர்வரின் ஐபி முகவரி பிளாக்லிஸ்ட்டில் (ஸ்பேம் அனுப்புவோர் பட்டியலில்) ஏறி, காலையில் 40 பேரின் மெயிலும் திரும்பி வரும். அதனால் அனுப்பும் மெயிலுக்கு ஒரு வரம்பு வேண்டும். எதை எண்ணி என்பதுதான் கேள்வி.

மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸோடு சேர்ந்தே வரும் ஆன்வில் என்ற எண்ணும் கருவி எண்ணுவது கிளையண்ட் ஐபியை, 60 வினாடிக் கணக்கில். தனியாக எதுவும் நிறுவ வேண்டாம் என்பதைத் தவிர இந்த வேலைக்கு அதில் லாபமில்லை. கல்லூரியில் 60 பேர் ஒரே பிராட்பேண்டில் இருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே ஐபிதான். ரிசல்ட் அனுப்பும் நாளில் அவர்கள்தான் மாட்டுவார்கள். திருடிய பாஸ்வேர்டை 100 ஐபியிலிருந்து, ஒவ்வொன்றிலும் மூன்று மெயிலாக அனுப்புகிறவன் சுலபமாகத் தப்பிவிடுவான். முறையான மெயில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த இதைப் பயன்படுத்தக் கூடாது என்று போஸ்ட்ஃபிக்ஸ் ஆவணமே சொல்கிறது.

போஸ்ட்எஃப்டபிள்யூடி போன்ற பாலிசி சர்வர் (மெயிலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும் தனி நிரல்) லாகின் பெயரை வைத்து எண்ணும். போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். ஆனால் எந்தக் கட்டத்தில் இணைக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பெறுநர் எண்ணிக்கையை போஸ்ட்ஃபிக்ஸ் டேட்டா கட்டத்திலும் (மெயிலின் உள்ளடக்கம் வரத் தொடங்கும்போது) மெயில் முடியும் கட்டத்திலும் மட்டுமே சொல்லும். அதற்கு முன் கேட்டால் 0 என்றுதான் வரும். மெயிலை மட்டும் எண்ணினால், 600 பேரை பிசிசியில் போட்ட விலைப்பட்டியலும் 'ஒன்று'தான். மெயில் முடியும் கட்டத்தில் இணைத்து, லாகினுக்கு மணிக்கு 200 பெறுநர் என்று தொடங்கலாம்.

தாண்டினால் என்ன செய்வது? பலர் 450 பிழை, அதாவது 'இப்போது முடியாது, பிறகு வா', கொடுப்பார்கள். சர்வருக்கும் சர்வருக்கும் நடுவில் அது சரி, எதிர்ப்பக்கம் மறுபடி முயலும். இங்கே எதிரில் இருப்பதோ அவுட்லுக், அல்லது வெப்சைட்டின் ஃபார்ம். அவுட்லுக் பிழை காட்டும். ஃபார்ம் பல நேரம் சத்தமில்லாமல் மெயிலைத் தொலைத்துவிடும். அதனால் ஹோல்டு, அதாவது மெயிலை வாங்கி க்யூவில் நிறுத்தி வைப்பது, நல்லது. மெயில்க்யூவில் ஆச்சரியக்குறியோடு நிற்கும். சென்னை தோல் கண்காட்சிக்கான அழைப்பு என்றால் விடுவிக்கலாம், ஸ்பேம் என்றால் அழித்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றலாம். ராத்திரியில் பார்க்க ஆளில்லை என்றால் நல்ல மெயிலும் விடியும்வரை நிற்கும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதில் எக்ஸிம் என்ற மெயில் மென்பொருள் ஓடுகிற சர்வரில் வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. ரேட்லிமிட் வசதி அதன் ஏசிஎல்லிலேயே (மெயிலை ஏற்பதா மறுப்பதா என்ற விதிகளில்) இருக்கிறது, லாகினை வைத்துப் பெறுநரை எண்ணவும் தெரியும். லீக்கி முறையில் மறுக்கப்பட்ட முயற்சி கணக்கில் சேராது. ஸ்டிரிக்ட்டில் அதுவும் சேரும். விடாமல் முட்டும் ஸ்கிரிப்ட்டுக்குக் கதவு திறக்கவே திறக்காது. திருட்டு பாஸ்வேர்டுதான் கவலை என்றால் ஸ்டிரிக்ட்.

ஹோஸ்டிங் நிர்வாக மென்பொருளான சிபேனலின் மணிநேர வரம்பைப் போடுவது சுலபம், ஆனால் டொமைனுக்கு மொத்தமாக எண்ணுகிறது. ஒரு குமாஸ்தாவின் மெயில்பாக்ஸ் திருடு போனால் முதலாளியின் மெயிலும் நிற்கும். இதை இரண்டாவது வேலியாக வைத்துக்கொள்ளலாம்.

வெப்சைட்டின் பிஹெச்பி மெயில், சர்வருக்குள்ளேயே இருக்கும் சென்ட்மெயில் கட்டளை வழியாக நேரே க்யூவில் விழும். ஆன்வில், பாலிசி சர்வர் இரண்டின் கண்ணிலும் படாது. எக்ஸிமில் எஸ்எம்டிபி அல்லாத மெயிலுக்குத் தனி ஏசிஎல் எழுத வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் வெப்சர்வர் யூசருக்கு சென்ட்மெயில் அனுமதியை எடுத்துவிட்டு, வெப்சைட்டுகளை 587 போர்ட்டில் லாகினோடு அனுப்ப வைக்க வேண்டும். இதைச் செய்யாத சர்வரில், பழைய வேர்ட்பிரஸ் பிளக்இன் ஒன்று உடைந்த மறுநாள் வரம்புகள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், க்யூவில் வெப்சர்வர் பெயரில் ஆயிரக்கணக்கில் மெயில் குவிந்திருக்கும்.