ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கடையில் புதிதாக ஒரு பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் (ரவைத் தோட்டா சுடும் வேட்டைத் துப்பாக்கி) வாங்குவதென்றால் மாஸ்பர்க் 500. நல்ல நிலையில் ஒரு பழைய விங்மாஸ்டர் (870இன் உயர்தர வடிவம்) கிடைத்தால் ரெமிங்டன் 870. டெக்சஸில் இரண்டையும் பல வருடம் புழங்கிய பிறகு என் முடிவு இது. ஏன் என்று கேட்பவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

ஊரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக் குழல்தான் நம்மில் பலருக்குத் தெரியும். பம்ப் ஆக்‌ஷனில் சுடும் குழல் ஒன்றுதான். அதற்கு அடியில் இன்னொரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். எல்லாமே கை பலத்தில் நடப்பதால் வீரியம் குறைந்த தோட்டா போட்டாலும் இயங்கும். 870 வந்தது 1950இல், 500 வந்தது 1961இல். இரண்டுமே ஒரு கோடிக்கு மேல் தயாரானவை.

என்னிடம் உள்ள 870, 1970களில் செய்த விங்மாஸ்டர், செகண்ட் ஹேண்ட். 500 புதிதாக வாங்கியது. இரண்டும் 12 கேஜ், அதாவது ஒரே குழல் விட்டம். செப்டம்பரில் புறா, குளிர்காலத்தில் கடலோர நெல்வயல்களில் வாத்து, மற்ற நாட்களில் ரேஞ்சில் பறக்கவிட்டுச் சுடும் கிளே தட்டு. இவ்வளவுதான் என் உபயோகம். வீட்டுக் காவலுக்கு எது நல்லது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, என்னுடையவை பெட்டகத்தில் பூட்டியே இருக்கும்.

கையில் எடுத்ததும் விங்மாஸ்டர் ஜெயித்துவிடும். ரிசீவர், அதாவது உள்ளியந்திரம் இருக்கும் நடு உடல், முழு எஃகுக் கட்டியில் கடைந்தது. பம்ப் இழுத்தால், நன்றாகப் பழகிய கல்லிலிருந்து தோசை கிளம்புகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். 500இன் முன்கைப்பிடி லொடலொடவென்று ஆடும். முதல் முறை பிடிப்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தத் தளர்வு அதன் இயல்பு. சேறும் மணலும் புகுந்த நாளிலும் அது ஓடுவதைப் பார்த்த பிறகு அந்தச் சத்தம் எனக்குக் காதில் விழுவதே இல்லை.

500இன் ரிசீவர் அலுமினியம் என்பதால் உதட்டைப் பிதுக்குபவர்கள் நிறைய. வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்குவது ரிசீவர் இல்லை. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் போய்ப் பூட்டிக்கொள்வது குழலின் பின்புற எஃகு நீட்சியில். இது இரண்டு துப்பாக்கியிலும் அப்படித்தான். மேலும் மெக்சிகோ வளைகுடாவின் உப்புக் காற்றில் அலுமினியத்தில் எஃகு போலத் துரு ஏறாது. விங்மாஸ்டரை அங்கே கொண்டுபோய் வந்தால் அன்று ராத்திரியே எண்ணெய்த் துணியோடு உட்கார வேண்டும். 500க்கும் குழலைத் துடைத்தே ஆக வேண்டும், அது எஃகுதான்.

தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி இருக்கும் இடம்தான் எங்கள் வீட்டில் பெரிய விஷயமாகிவிட்டது. 870இல் அது ட்ரிகருக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தான், வலக்கைக்காரர்களுக்கு வசதி. 500இல் ரிசீவரின் மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. என் மனைவி இடக்கைக்காரி. அவர் 500ஐ எடுத்த பிறகு 870 பக்கம் திரும்பவே இல்லை. சேஃப்டி எந்த நிலையில் இருக்கிறது என்பது குனிந்து பார்க்காமலே தெரிவதால், புதிதாகக் கற்பவர்களுக்கும் நான் அதைத்தான் கையில் கொடுப்பேன். தோட்டா ஏற்றுவதும் 500இல் சுலபம். தோட்டாவைத் தூக்கிவிடும் தகடு மேலேயே நிற்பதால் விரல் இடிக்காது. 870இல் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிக்கொண்டே ஏற்ற வேண்டும், குளிரில் விரல் விறைத்த நாளில் இது தெரியும்.

சரி, நம்பகம். ஒரு மலிவுத் தோட்டா, பிராண்ட் பெயர் வேண்டாம், இரண்டு துப்பாக்கியிலும் சிக்கியது. நல்ல தோட்டா போட்டால் இரண்டுமே சிக்குவதில்லை. பம்ப் சிக்கியது என்று ரேஞ்சில் யாராவது சொன்னால் பெரும்பாலும் அவர் கைப்பிடியை முழுதாகப் பின்னால் இழுத்திருக்க மாட்டார். இயந்திரத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் கையைப் பார்க்க வேண்டும்.

ஆனால் 870 என்ற ஒரே பெயருக்குள் பல தரம் உண்டு. விங்மாஸ்டரின் மலிவு வடிவமாக 1987இல் வந்தது எக்ஸ்பிரஸ். அதன் பிற்காலத் தயாரிப்புகளில் தோட்டா உட்காரும் அறையின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கிறது, மலிவுக் கூடுகள் ஒட்டிக்கொள்கின்றன, மேல்பூச்சு சீக்கிரம் துரு பிடிக்கிறது என்று வேட்டைக்காரர்களிடம் பரவலான புகார் உண்டு. ரெமிங்டன் 2018இலும் 2020இலும் திவாலானது. நியூயார்க் மாநிலத்தின் இலியனில் இருந்த பழைய ஆலை 2024இல் மூடப்பட்டு, தொழில் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டது. மாஸ்பர்க் 1919 முதல் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 500 எந்த வருடத்தது என்று நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். 870 என்றால் முதல் கேள்வியே அதுதான்.

பழுது பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. கூட்டை வெளியே தட்டும் எஜெக்டர் 500இல் ஒரு திருகில் நிற்கிறது, வீட்டிலேயே மாற்றலாம். 870இல் அது ரிசீவரோடு ரிவெட் அடித்தது. போனால் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அதே சமயம் 500ஐச் சுத்தம் செய்ய ட்ரிகர் பகுதியைக் கழற்றினால், தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் சின்னத் தகடுகளும் கூடவே கழன்று விழும். மேசையில் துணி விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும்.

எத்தனை தோட்டா கொள்ளும் என்ற ஒப்பீட்டை விட்டுவிட்டேன். புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுட அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கியில் ஒரு நேரத்தில் மொத்தம் மூன்று தோட்டாதான் கொள்ள வேண்டும், தோட்டாக் குழாயில் அதற்கான அடைப்பைப் போட்டே ஆக வேண்டும்.

பணக் கணக்கு: புது 500 விலையில் ஏறக்குறைய ஒரு நல்ல விங்மாஸ்டர் கிடைக்கும், ஆனால் பிறகு செலவு வைக்கும். பழைய குழல்களில் சோக், அதாவது ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல் வாய்க் குறுக்கம், நிலையானது, மாற்ற முடியாது. வாத்துக்கு ஈயம் 1991 முதல் நாடு முழுக்கத் தடை, எஃகு ரவைதான் போட வேண்டும். அதை இறுக்கமான பழைய ஃபுல் சோக் வழியாகச் சுடக் கூடாது. ஆகவே இன்னொரு குழல் வாங்க வேண்டும். பல பத்தாண்டு இடைவெளியிலும் 870 குழல்கள் பொருந்துவது ஒரு ஆறுதல். கையில் பணம் குறைவு என்றால் அதே மாஸ்பர்க்கின் மேவரிக் 88 இருக்கிறது. உள்ளே ஏறத்தாழ 500தான், சேஃப்டி மட்டும் 870 மாதிரி குறுக்கே தள்ளுவது.

பழைய விங்மாஸ்டர் வாங்கப் போனால் முன்கைப்பிடிக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், ரிசீவருக்குள் டார்ச் அடித்து எஜெக்டர் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் தொடர் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 12 கேஜில் 'வி' என்றால் அது 2¾ அங்குலத் தோட்டாவுக்கான ரிசீவர், 'எம்' என்றால் 3 அங்குலம், அதாவது மேக்னம். 'வி' ரிசீவரில் 3 அங்குலக் குழலை மாட்டிவிட்டு இதுவும் மேக்னம்தான் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். குழல் பொருந்தும், நீளமான கூடு ஒழுங்காக வெளியே வராது.