டோர்னமென்ட்டா, கேஷ் டேபிளா? போக்கரைப் பிழைப்பாக்க நினைப்பவர்களுக்கு

பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமான போக்கரில் மூன்று வருடம் டோர்னமென்ட் ஆடினேன்: எல்லாரும் நுழைவுப் பணம் கட்டி, சிப் (ஆட்ட வில்லை) தீர்ந்தவர் வெளியேற, கடைசிவரை நிற்பவர்கள் பரிசு வாங்கும் போட்டி. இப்போது இரண்டரை வருடமாகக் கேஷ் டேபிள்: சிப்புக்கு நேராகப் பணம், தோற்றால் மறுபடி வாங்கலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இரண்டுமே கோவாவில்தான். போக்கரைத் தொழிலாக எடுக்கலாமா என்று கேட்டு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எடுத்தே தீருவேன் என்றால் கேஷ் டேபிளில் உட்காருங்கள்.

டோர்னமென்ட்டின் கவர்ச்சி என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக லாஸ் வேகஸ் போய், போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்தக் கதைதான் என்னையும் இழுத்தது. போட்ட பை-இன்னுக்கு (ஆட்டத்தில் உட்காரக் கட்டும் பணம்) மேல் நஷ்டம் வராது, புதிதாக ஆட வருபவர்களும் நிறைய இருப்பார்கள். இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் கையில் இருக்கும் முதலீடு தாங்குமா? என்னை மாற்றியது இந்தக் கேள்விதான். டோர்னமென்ட்டில் பரிசு எட்டுவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு. அதிலும் பாதிப் பேருக்குப் பை-இன்னைப் போல இரண்டு மடங்கு கிடைத்தாலே பெரிது. கொழுத்த பணம் முதல் மூன்று இடங்களுக்குப் போய்விடும். நன்றாக ஆடுகிறவனே இருபது, முப்பது போட்டி தொடர்ந்து வெறுங்கையோடு திரும்புவான். அதனால்தான் குறைந்தது 100 பை-இன் கையிருப்பு வேண்டும் என்பார்கள். 35,000 ரூபாய்ப் போட்டி என்றால் 35 லட்சம். ரயில், அறை வாடகை, சாப்பாடு தனி. கேஷ் ஆட்டத்துக்கு 30, 40 பை-இன் இருந்தால் மூச்சு விடலாம்.

ஒரு ராத்திரி, இன்னும் மூன்று பேர் வெளியேறினால் மீதிப் பேருக்கெல்லாம் பரிசு என்ற நிலை. என் கையில் இரண்டு ஏஸ், எதிரில் இருந்தவரிடம் இரண்டு கிங். இருவரின் சிப்பும் மொத்தமாக நடுவில். ஐந்தில் நான்கு முறை நான் ஜெயிக்க வேண்டிய கை. மேஜையில் விரிக்கும் கடைசிப் பொதுச் சீட்டில் கிங் விழுந்தது; அவருக்கு மூன்று கிங், நான் வெளியே. மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பலிலிருந்து கரைக்குத் திரும்பும் படகில் விடிகாலை மூன்று மணிக்கு நான் ஒருவன்தான் பயணி. அன்று ஆட்டத்தில் தப்பே செய்யவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதே கை கேஷ் டேபிளில் தோற்றால் ஒரு பை-இன் போகும். அடுத்ததை வாங்கி, அதே நாற்காலியில், அதே ஆளோடு தொடரலாம். ஐந்தில் நான்கு என்ற கணக்கு பலிக்க அவகாசம் கிடைக்கும். டோர்னமென்ட்டில் அந்த அவகாசம் அடுத்த மாதமோ அடுத்த வருடமோதான். முன்பு ஆன்லைனில் மாதம் நூறு போட்டி ஆடி அந்த இடைவெளியை நிரப்பினார்கள். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு தடைசெய்தபின் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

வென்ற தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உலகப் புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு 2017-ஆம் வருடக் கணக்கைத் தானே வெளியிட்டார்: பரிசு சுமார் 28 லட்சம் டாலர், பை-இன் அதைவிட அதிகம். ஆண்டு முடிவில் 80 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டம். நம் ஊரில் இன்னொரு அடியும் உண்டு. சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீத வரி. தோற்ற பை-இன்களை அதில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. கேஷ் ஆட்டக்காரனுக்கும் இதே சட்டம்தான்.

கேஷ் டேபிளில் குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்தில் கேசினோ தன் பங்கை (ரேக்) பிடிக்கும், நல்ல சீட்டுக்குப் பத்து மணி நேரம் காத்திருந்து சலித்துப் போகும், பெயர் கிடைக்காது. நான் உட்கார்ந்தது சின்ன, நடுத்தர மேஜைகளில் மட்டுமே. பெரிய ஆட்டக்காரர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். வரப்போகும் பரிசில் ஒரு பங்கைப் பிறருக்கு முன்கூட்டியே விற்றுவிட்டு டோர்னமென்ட் ஆடுகிறவர்களின் நிலைமையும் வேறு.

டோர்னமென்ட்டை நான் அடியோடு விடவில்லை. வருடத்துக்கு இரண்டு, அதற்கென்று ஒதுக்கிய பணத்தில் மட்டும். வாடகையும் வீட்டுச் செலவும் கேஷ் டேபிளில் இருந்து வருகின்றன.